எழுதாமல் வாசித்த தீர்ப்பு

ஐயா,

இன்று காலை பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு பெண், மடியில் சளி பிடித்த குழந்தை. கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு அதன் மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் காற்றில் அந்த வாசனை என் பக்கம் வந்ததும், நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டு அடுத்த நிறுத்தத்தில் போய் இறங்கினேன். திரும்பி நடந்து வரும்போது வெயில் ஏறிவிட்டது.

உங்கள் அறை அப்படித்தான் மணக்கும். சிமெண்டு லாரிகள் கிளப்பும் புழுதி உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. காலையில் கோர்ட் ஏறுமுன் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வீர்கள். சாட்சி சொல்லும்போது தும்மல் வந்தால் "மன்னிச்சுக்குங்க, நீங்க சொல்லுங்க" என்று சாட்சியிடமே மன்னிப்புக் கேட்பீர்கள். முன்சீப் நீதிபதி ஒருவர் கூண்டில் நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று இருந்தது. உங்களிடம் நான்கு வருடம் ஸ்டெனோவாக இருந்தவள் நான். உங்கள் வேலை போகக் காரணமான சாட்சியத்தைச் சொன்னவளும் நான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்கள் வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தால் என்ன செய்வது? அந்த ஒரு நொடிக்குப் பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

நீங்கள் எங்கள் கோர்ட்டுக்கு வந்த புதிதில் ஊழியர்கள் எல்லாரும் பயந்தோம். பன்னிரண்டு வருடம் வக்கீல் தொழில் பார்த்துவிட்டுத் தேர்வெழுதி வந்தவர் என்றார்கள். ரேஷன் கடையில் எடை போட்டவரின் மகன் என்றார்கள். முதல் வாரமே உங்களைப் பார்க்க ஒருவர் பழக்கூடையோடு வந்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டு, "நான் இங்க இருக்கற வரைக்கும் அந்தக் கதவுக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம்கூட வரக் கூடாது" என்றீர்கள். கடைசி நாள்வரை வரவில்லை. வயதானவர்கள் சாட்சி சொல்ல வந்தால் நாற்காலி போடச் சொல்வீர்கள். "கட்டைப் படிக்காம நாற்காலியில உக்காரக் கூடாதும்மா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். கட்டு என்றால் வழக்கின் காகிதங்கள் எல்லாம் சேர்ந்த அந்தத் துணிக் கட்டு. சனி, ஞாயிறுகளில் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போவீர்கள். திங்கட்கிழமை பார்த்தால் ஒவ்வொன்றிலும் பென்சில் குறிப்புகள் இருக்கும்.

மூன்றாம் வருடம் பக்கத்து ஊர் கோர்ட்டில் நீதிபதி மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. கூடுதல் பொறுப்பாக அதையும் உங்கள் தலையில் கட்டினார்கள். வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. பழைய வழக்குகளை முடி, முடி என்று மேலிருந்து கடிதம் வந்துகொண்டே இருந்தது. டைப் அடிக்க இரண்டு கோர்ட்டுக்கும் நான் ஒருத்திதான். நீங்கள் மெலிந்தீர்கள். கட்டுகளில் பென்சில் குறிப்புகள் குறைந்தன. அப்போதுதான் அது ஆரம்பித்தது.

முதலில் ஒரு வழக்கு. தீர்ப்பின் முடிவை மட்டும் கோர்ட்டில் சொன்னீர்கள். "வழக்கு அனுமதிக்கப்படுகிறது." அவ்வளவுதான். காரணங்களை மூன்று நாள் கழித்துச் சொல்லி எழுதவைத்து, முடிவு சொன்ன தேதியையே போட்டுக் கையெழுத்திட்டீர்கள். அது சரியில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதி முடித்த பிறகுதான் தீர்ப்பை வாசிக்க வேண்டும். மூன்று நாள்தானே என்று இருவருமே பேசாமல் இருந்தோம். அடுத்த தடவை பத்து நாள் ஆனது. அதன் பிறகு நாள் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

சின்னப்பொண்ணு வழக்கு அந்த நேரத்தில் வந்து சிக்கியது. செந்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். கணவன் இறந்து தனியாக இருந்தவர். இரண்டு ஏக்கர் கொல்லை, அதன் ஓரமாகப் பதினோரு முந்திரி மரங்கள். பக்கத்து நிலத்துக்காரர் தன் இடத்தில் கல் வெட்ட விட்டிருந்தார். லாரி போகப் பாதை வேண்டும். சின்னப்பொண்ணுவின் கொல்லை வழியாக ஆதிகாலத்திலிருந்தே தனக்கு வண்டிப்பாதை உண்டு என்று சொல்லி மண் கொட்ட வந்தார். இந்த அம்மா கோர்ட்டுக்கு வந்து தடை வாங்கினார். வழக்கு நடந்த நான்கு வருடமும் அந்தத் தடைதான் லாரியை நிறுத்தி வைத்திருந்தது.

ஏப்ரல் கடைசியில், கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் நினைவிருக்கிறதா? அன்று மட்டும் ஒன்பது வழக்குகளில் முடிவு சொன்னீர்கள். எழுதி முடித்தது இரண்டுதான். உங்களுக்குக் கீழே, இரண்டு படி இறக்கத்தில் என் நாற்காலி. சின்னப்பொண்ணுவின் வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து கைகூப்பினார். நீங்கள் கட்டை விரிக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த தாளை மட்டும் பார்த்து, "வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்றீர்கள்.

அந்தம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து, "என்னங்க சொன்னாரு?" என்று கேட்டார். "வக்கீலக் கேளுங்கம்மா" என்றேன். அந்தக் கட்டுக்கு என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். அடுத்த எண்ணைக் குறித்துக்கொள்ளத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூனில் கோர்ட் திறந்ததும் அவர் வந்தார். மேல்முறையீடு செய்யத் தீர்ப்பின் நகல் வேண்டும். நகல் பிரிவில், தீர்ப்பு இன்னும் தங்களிடம் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். அதற்கடுத்த வாரமும். காலை முதல் பஸ்ஸில் வந்து, மாலை வரை புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஒருநாள் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"நீங்கதான டைப் அடிக்கிறவங்க?"

"ஆமாம்மா."

"தள்ளுபடின்னு ஜட்ஜய்யா சொல்லிட்டாருங்க. எதுக்குத் தள்ளுபடின்னு எழுதிக் குடுத்தாத்தான மேல போக முடியும்னு வக்கீலு சொல்றாரு. அத ஏன் குடுக்க மாட்டேங்கிறீங்க?"

"வந்துடும்மா. அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் வந்து என்ன பண்றது? நேத்தே மரத்த வெட்டிப்புட்டாங்க. பதினோரு மரமும் போச்சு. தள்ளுபடியானப்புறம் தடைதான் இல்லையே, யாருகிட்ட வேணா போயி சொல்லுன்னுட்டான்."

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அதை நான் உங்கள் அறையில் வந்து சொன்னேன். கையில் இருந்த பேனாவை மூடி வைத்தீர்கள். "இந்த வாரம் முடிச்சுடலாம்மா" என்றீர்கள். அந்த வாரம் பக்கத்து ஊர் கோர்ட்டில் ஆய்வு வந்தது. அதற்கடுத்து உங்கள் தாயார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். செப்டம்பர் ஆகிவிட்டது.

அன்று முற்பகலில் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தீர்கள். வாதியின் வழக்கு, பிரதிவாதியின் பதில், சாட்சிகள். பதினேழு பக்கம் எழுதியிருப்பேன். அப்போது பின்னால் மடிந்து கிடந்த ஒரு தாளை எடுத்தீர்கள். இடத்தை நேரில் பார்க்கக் கோர்ட் அனுப்பிய ஆணையர் வரைந்த படம் அது. அதில் பாதை கிடையாது. பழைய மரங்கள், வரப்பு, முள்வேலி எல்லாம் குறித்திருந்தார். "வண்டிப்பாதை இருந்த தடயம் எதுவும் காணப்படவில்லை" என்று கீழே எழுதியுமிருந்தார்.

"இத நான் பாக்கவே இல்லையேம்மா" என்றீர்கள்.

நான் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே, அதே வளாகத்தில் இருந்த இன்னொரு கோர்ட்டின் டவாலி அடுத்த வழக்குக்கு யாரையோ மூன்று முறை கூப்பிட்டு ஓய்ந்தார். படத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"எழுதுங்க. ஆணையரின் அறிக்கையை மட்டும் அடிப்படையாகக் கொண்டு இவ்வழக்கை முடிவு செய்ய இயலாது."

எழுதினேன். வெட்டிய மரத்தைத் திரும்ப நட முடியாது, கோர்ட்டில் சொன்ன முடிவை மாற்றவும் முடியாது என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் நடந்ததை நடந்தபடி மேல்நீதிமன்றத்துக்கு எழுதித் தெரிவித்திருக்கலாம். அது உங்களுக்குத் தெரியாததில்லை. ஏப்ரல் தேதி போட்டுக் கையெழுத்திட்டீர்கள். நான் அதை நகல் பிரிவுக்கு அனுப்பினேன்.

சின்னப்பொண்ணு உயர் நீதிமன்றத்துக்கு மனு எழுதிப் போட்டார். தன் வழக்கு தோற்றதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஏப்ரலில் எழுதிய தீர்ப்பை ஏன் செப்டம்பர் வரைக்கும் தரவில்லை என்று மட்டும் கேட்டிருந்தார். விசாரணைக்கு உத்தரவானது. வேறு மாவட்டத்திலிருந்து மூத்த நீதிபதி ஒருவரை அனுப்பினார்கள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"எழுதி முடிச்ச ஷார்ட்ஹேண்ட் நோட்டையெல்லாம் கிழிச்சுப் போடறதுதான வழக்கம்?"

"ஆமாங்க ஐயா."

"சரி. போங்க."

வேறு எதுவும் நீங்கள் கேட்கவில்லை. இதைப் போய் ஒரு குற்றமாக எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போய் அந்த நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கூடையைத் திருப்பி அனுப்பிய மனிதரைக் காப்பாற்றுவதா? மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவுக்குப் பதில் சொல்வதா? என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கிழிச்சுட்டு வந்து சாப்பிடு. ஊரை நீயா திருத்தப் போற?" என்றார். கிழிக்கவில்லை. துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். கிழித்தால், அன்று "அடுத்த வாரம் வாங்க" என்றேனே, அந்தப் பொய்யை இன்னொரு முறை சொன்னதாகும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

விசாரணை அதிகாரி அமைதியாகத்தான் கேட்டார். "இந்தத் தீர்ப்பை நீங்கள் எப்போது எழுதினீர்கள்?" நோட்டை மேஜைமேல் வைத்தேன். ஒவ்வொரு நாளும் எழுத ஆரம்பிக்கும்போது பக்கத்தின் தலையில் தேதி போடுவது என் பழக்கம். அவர் ஏப்ரல் பக்கங்களைப் புரட்டினார், பிறகு செப்டம்பர் பக்கங்களுக்கு வந்தார். "நீதிபதி பணம் வாங்கியதாக எதுவும் தெரியுமா?" என்றார். "சத்தியமா இல்லைங்க" என்றேன். கடைசியாக, "வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டார்.

அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களே, அது என் கண்முன் வந்தது.

"இல்லைங்க" என்றேன்.

நேரம் கடத்தியதற்காகவும் தேதி மாற்றியதற்காகவும்தான் உங்களைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். தெரிந்தே தவறாக எழுதியது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. அரை உண்மையைச் சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்பினேன். மீதி அரையை மறைத்து உங்களைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன். இரண்டில் எதிலும் எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை.

அதன் பிறகு அலுவலகத்தில் என்னோடு யாரும் டீ குடிக்க வரவில்லை. நான் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு வக்கீல் என் காது படவே சொன்னார்: "வாங்குறவன்லாம் பிரமோஷன்ல போறான். வாங்காத மனுஷன வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, புண்ணியவதி." அவர் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். சின்னப்பொண்ணு மேல்முறையீட்டில் ஜெயித்தார். அதற்கு மூன்று வருடம் ஆனது. பாதையை அடைத்துவிட்டார்கள். லாரி ஓடி ஓடி இறுகிப் போயிருந்த அந்த மண்ணில் கடப்பாரைகூட இறங்கவில்லை என்று சொன்னார்.

பிறகு உங்களை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். பெரம்பலூர் பஸ் நிலையத்தில், கையில் மருந்துப் பையோடு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நழுவிப் போய்விடலாம் என்று பார்த்தேன். நீங்களே கையசைத்துக் கூப்பிட்டீர்கள்.

"உக்காருங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேங்க ஐயா. நீங்க?"

"இருக்கேன்." மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க மேல ரொம்ப நாள் கோவமா இருந்தேன்மா. அப்புறம் போயிடுச்சு. பெரிய மனசுனால இல்ல. கோவப்பட்டு அலுத்துப் போச்சு" என்றீர்கள்.

எதிரே நின்ற துறையூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் படத்தைப் பத்தி நீங்க சொல்லல. விசாரணை அறிக்கையத் தேடித் தேடிப் படிச்சேன். அதுல இல்ல."

"ஆமாங்க."

"கேட்டாங்களா?"

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

தலையாட்டினீர்கள். நன்றி என்று சொல்வீர்கள் என நினைத்தேன். சொல்லவில்லை. "அந்தம்மா ஊரு எது?" என்று மட்டும் கேட்டீர்கள். சொன்னேன். எந்த பஸ் போகும் என்று கேட்டீர்கள். செந்துறையில் இறங்கி மாற வேண்டும் என்றேன். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

எதற்குக் கேட்டீர்கள் என்பது நீங்கள் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சின்னப்பொண்ணு ஏதோ சான்றிதழ் விஷயமாக, நான் இப்போது வேலை பார்க்கும் ஊருக்கு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று சொன்னேன்.

"எங்கூட்டுக்கு வந்தாருங்க அவரு" என்றார். "போன வருஷம் மாசியில. எனக்கு மொதல்ல ஆளே தெரியல. மேல உக்காந்திருக்கயில பெருசாத் தெரிஞ்சாரு, எறங்கி நின்னா என் தோளு ஒசரந்தான் இருக்காரு. 'அந்தத் தீர்ப்பு எழுதுனவன் நாந்தாம்மா'ன்னாரு. 'படத்தப் பாத்தேன், பாத்துட்டுத்தான் உனக்கு எதிரா எழுதுனேன்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? மரம் இருந்த எடத்தக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். ஒவ்வொரு தூரா நின்னு நின்னு பாத்தாரு. வெயிலு நேரம், சொம்புல தண்ணி குடுத்தேன். குடிச்சாரு. மன்னிச்சுட்டேன்னு ஒண்ணும் நான் சொல்லலைங்க. சொல்லத் தோணல. அவரும் கேக்கல. பஸ்ஸு வரைக்கும் கூடப் போயி ஏத்திவிட்டுட்டு வந்தேன்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவரு படத்தப் பாத்தது உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா" என்றார். காகிதங்களை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஐயா, நீங்கள் அங்கே போனதைப் பெரிதாகச் சொல்லி உங்களை உயர்த்த எனக்கு மனமில்லை. போனதால் ஒரு மரமும் முளைக்கவில்லை. ஆனால் நேராகக் கேட்டபோதுகூட என்னால் சொல்ல முடியாமல் போனதை, நீங்கள் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சொன்னீர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

இப்போது எங்கள் நீதிபதி ஒரு இளம்பெண். உங்களைப் போலவே உழைப்பவர், உங்களைப் போலவே இன்னொரு கோர்ட்டின் சுமையையும் தூக்குபவர். நேற்று ஐந்து வழக்குகளில் தீர்ப்பு சொல்ல வேண்டும். நான்கை எழுதி முடித்திருந்தோம். ஐந்தாவது எண்ணைக் கூப்பிட்டதும், வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். நீதிபதி கட்டின் மேல்தாளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

நான் எழுந்துவிட்டேன். இருபத்தேழு வருட வேலையில் கோர்ட் நடக்கும்போது கூப்பிடாமல் நான் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, இந்தக் கட்டுல தீர்ப்பு இன்னும் எழுதலைங்க."

வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீதிபதியின் முகம் சிவந்தது. பிறகு கட்டை மூடி, பத்து நாள் தள்ளி வாய்தா போட்டார். வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெரியவர் என்னை மறித்தார். "உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணுனேன்? இன்னொரு நடை அலையணுமா நானு?" என்று சத்தம் போட்டார். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டுங்க" என்றேன். அவருக்கு அது சமாதானமாகவில்லை.

இன்று காலை நீதிபதி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெமோ வரலாம். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. வந்தால் வரட்டும்.

ஒன்பது வருடம் பிந்தி வந்த ஒரு வரி அது, ஐயா. கோடை விடுமுறைக்கு முந்தைய அந்த நாளில், இரண்டு படி கீழே இருந்து உங்களிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டிவிட்டு, கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்திருப்பீர்கள்.

நிச்சயம் படித்திருப்பீர்கள்.